மூன்று கறவை

எங்கள் வீட்டில் ஒருநாளும் தண்ணீர் கலந்த பாலை விற்றதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் அப்பா மாட்டுத் தரகர்தான். ஆனாலும் மடி கட்டிய மாட்டை அவர் சந்தைக்கு ஓட்டிப் போனது கிடையாது. மடி கட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். விற்கப் போகிற மாட்டை முதல் நாள் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மறுநாள் மடி பானை மாதிரி உப்பி நிற்கும். வாங்க வந்தவன் எதிரில் கறந்தால் ஐந்து படி இறங்கும். அவன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போன பிறகு இரண்டு படிதான். அதனால் விவரம் தெரிந்தவன் மூன்று கறவை பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டான். சாயங்காலம் ஒன்று, காலையில் ஒன்று, மறுபடி சாயங்காலம் ஒன்று. அதுவரை மாட்டுக்காரன் வீட்டு வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பான்.

நீங்கள் விசாரிக்க வந்தது மாட்டு விஷயம் இல்லை, தெரியும். கருவடிக்குப்பத்துப் பாவாடை கொடுத்த புகாரை. எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தான். போன ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் புதிய சட்டம் எதையாவது மீட்டுக் கொடுக்கும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. தெய்வசிகாமணி ஆகிய நான் கருவடிக்குப்பத்து விவசாயிகளிடம் சலங்குக் கம்பெனியின் பங்குகளைப் பொய் சொல்லி விற்றேன் என்று எழுதியிருக்கிறான். பொய் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றபடி சரிதான். விற்றேன். நன்றாக விற்றேன்.

கம்பெனியைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சலங்கில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்க வேண்டும். சலங்கு என்பது கயிற்றால் தைத்த பெரிய படகு. அப்படி இருபது சலங்கு வைத்திருந்தார் எங்கள் துரை, முசியே லெபோர். நான் அவரிடம் தலைமைக் குமாஸ்தா. கம்பெனி முழுவதும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அக்சியோன் என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஒரு பங்கு அறுபது ரூபாய்க்குக் கைமாறும்.

அறுபது ரூபாய் என்பது அதிகமா, குறைவா? அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பங்குக்கு வருடத்தில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விலையை லாபத்தால் வகுக்க வேண்டும். லாபம் ஐந்து ரூபாய் என்றால் விடை பன்னிரண்டு. பன்னிரண்டு வருட லாபத்தை இன்றைக்கே கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம். மாட்டு விலையை ஒரு வருடப் பால் காசால் வகுப்பது மாதிரிதான். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு வேறு யாருக்குத் தெரியும் என்று நேற்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன். இந்த ஊரில் இதை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் மூன்று பேர். ஒருவர் துரை. ஒருவன் நான். இன்னொருத்தி என் மனைவி அன்னக்கிளி.

ஐம்பத்தொன்றில் எங்களுக்குக் கல்யாணம். கருவடிக்குப்பத்துக் கொளஞ்சியின் மகள் அவள். மாமனாருக்கு இரண்டு காணி கிணற்று நிலம் இருந்தது. அந்த இரண்டு காணியை அவர் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். தரகன் மகனுக்குப் பெண் கொடுத்தோமே என்று கல்யாணப் பந்தலிலேயே ஒருவரிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். என் காதில் விழும்படிதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் மட்டும் வைத்துக்கொண்டேன்.

நெல்லித்தோப்பில் வாடகை வீடு. குழந்தை இல்லை. அலுவலகம் விட்டு வந்தால் பொழுது போக வேண்டும். அவள் நாலாவது வரை படித்திருந்தாள். விளையாட்டாகத்தான் இந்த வகுத்தலைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் தையல் மெஷின் வாங்கினால், "விலய வருசத் தையக்கூலியால வகுத்தா ரெண்டு மாமா. நல்ல மிசினு" என்பாள். தெருவில் போகும் வண்டிக்கு ஒரு எண், தென்னை மரத்துக்கு ஒரு எண். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஒங்களுக்கு எங்கப்பாரு போட்ட நகைய ஒங்க வருசச் சம்பளத்தால வகுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட வரல. எங்கப்பாரு ஒங்கள மலிவா அடிச்சிட்டாரு" என்றாள். நான் புரைக்கேறும் வரை சிரித்தேன். அவளோடு இருந்த அந்த மூன்று வருடமும் எனக்கு நல்ல வருடங்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் கம்பெனியின் கணக்கு அறிக்கை வரும். பிலான் என்போம். வந்த அன்றைக்கு நான் வீட்டில் விலையையும் லாபத்தையும் சொல்வேன், அவள் வகுப்பாள். பழைய வருடங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஐம்பதில் லாபம் நான்கு ரூபாய், விடை பதினைந்து. ஐம்பத்தொன்றில் ஐந்து ரூபாய், பன்னிரண்டு. ஐம்பத்திரண்டில் புயல் அடித்தது. சலங்குகள் பாதி உடைந்தன. லாபம் ஒரே ரூபாய். விடை அறுபது.

"அறுவது வருச லாபத்தக் குடுத்து எவன் வாங்குவான்? இந்த வருஷம் பங்கு ரொம்ப விலை" என்றேன் நான், அவளைச் சோதிப்பதற்காக.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு யோசித்தாள். "இல்ல மாமா. கன்னு செத்த வருசம் மாடு பால் குடுக்காது. அதுக்காவ அந்த மாடு ஒதவாத மாடா? அடுத்த ஈத்துல குடுக்கும். படவ ரிப்பேர் பண்ணிட்டா லாபம் திரும்ப நாலு ஆயிடும். ஒரு வருசத்து நம்பர வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. அஞ்சாறு வருசத்த வரிசயா வச்சிப் பாக்கணும். மூணு கறவை மாதிரி."

பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை வரை படித்த எனக்கே துரை இதை இரண்டு தடவை சொல்லித்தான் புரிந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னபடியே ஐம்பத்துமூன்றில் லாபம் நான்குக்குத் திரும்பியது.

அதற்கு அடுத்த வருடம்தான் கொடி மாறிய வருடம். பிரெஞ்சுக்காரன் போகப் போகிறான், தீர்வை எல்லாம் மாறப் போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. கொண்டுவர வேண்டியதை இப்போதே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும் என்று வியாபாரிகள் துடித்தார்கள். சலங்குகளுக்கு ஓய்வே இல்லை. கேட்ட கூலி கிடைத்தது. அந்த வருடம் ஒரு பங்குக்கு இருபது ரூபாய் லாபம். அறுபதை இருபதால் வகுத்துப் பாருங்கள். மூன்று.

துரை என்னை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதற்கு முன்னால் சொன்னதில்லை. அவர் ஊருக்குத் திரும்புகிறார். பங்குகளை அறுபது ரூபாய் விலையிலேயே விற்றுக் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு பணம் எனக்கு. "மூன்று என்ற எண்ணை வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும். இல்லையா, தெய்வசிகாமணி?" என்றார். பிடிக்கும் முசியே என்றேன். இவ்வளவுதான் நாங்கள் பேசியது. சதி என்று பாவாடை எழுதியிருக்கிறானே, அது இந்த ஒரு வாக்கியம்தான்.

நான் கருவடிக்குப்பத்துக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? அங்கேதான் என்னை நம்புவார்கள். அந்த வருடத்துப் பிலான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சு எழுத்து, துரையின் முத்திரை. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. முந்தின வருடத்துக் காகிதத்தை நான் ஒளித்து வைக்கவில்லை ஐயா. அலுவலக அலமாரியில், பூட்டாத அலமாரியில் இருந்தது. இரண்டு அணாவுக்குக் கத்திரிக்காய் வாங்கினால் பத்துக் காயைப் புரட்டிப் பார்க்கிற ஜனங்கள். ஒருவர்கூட மற்ற வருடம் எங்கே என்று கேட்கவில்லை. மாட்டுக்கு மூன்று கறவை பார்ப்பார்கள். துரை முத்திரை போட்ட காகிதத்துக்கு ஒரு கறவை போதும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அதற்கு நானா பொறுப்பு?

விலை பேசியதும் அவர்கள் வழக்கப்படிதான். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவன் வாங்குகிறவன் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, இத்தனை என்று விரலைப் பிடித்துக் காட்டுவான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது கேவலம். கேட்பது அதைவிடக் கேவலம். நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் துண்டுக்குள் பேசினேன். அதனால் ஒருவருக்கொருவர் கலந்து பேசவே இல்லை. எல்லாருக்கும் ஒரே மூன்று விரலைத்தான் பிடித்தேன். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமனார் கையையும் பிடித்தேன்.

"மூணு வருசத்துல போட்ட பணம் திரும்பிடுமா மாப்ள?" என்றார்.

"சத்தமா சொல்லாதீங்க மாமா."

அவர் கையில் ரொக்கம் ஏது. நிலத்தைத்தான் விற்க வேண்டும். கொடி மாறினால் பழைய பத்திரம் செல்லுமோ செல்லாதோ என்று ஊரில் ஒரு பயம் இருந்தது. பங்கு வாங்குவதற்காக எல்லாரும் ஒரே சமயத்தில் நிலத்தை விற்கக் கிளம்பினார்கள். பன்னிரண்டு வருட விளைச்சல் காசுக்குப் போகும் நிலத்தை நான்கு வருடக் காசுக்குக் கேட்டார்கள். நெல்லித்தோப்பிலிருந்து வேம்பு என்று ஒருவன் கையில் ரொக்கத்தோடு வந்திருந்தான். மாமனார் என்னை வரப்புக்கு அழைத்துக்கொண்டு போய்த் தன் கணக்கைச் சொன்னார்.

"காணிய நாலுக்குக் குடுத்துட்டு அக்சியோன மூணுக்கு வாங்கறேன். ஒண்ணு லாபம்தானே மாப்ள? ஆயிரத்து எரநூறு ரூவாக்கி நெலம் முந்நூறு குடுக்குது. ஒங்க கம்பெனி நானூறு குடுக்குமே."

"கணக்க நீங்களே போட்டுட்டீங்க மாமா. நான் சொல்ல என்ன இருக்கு?"

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

விஷயம் அன்னக்கிளிக்குப் போனது இரண்டு நாள் கழித்து. அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவள் முற்றத்தில் கால்கூடக் கழுவாமல் நின்றாள்.

"எங்கப்பாருகிட்ட மூணுன்னு சொன்னீங்களா மாமா?"

"மூணுதானே? வகுத்துப் பாரு."

"வகுத்துட்டேன். இது மடி கட்ன மாடு. கொடி மாறப்போவுதுன்னு ஒரு வருசத்துச் சரக்கு பூராவும் சேந்து எறங்கிச்சி. அடுத்த வருசம் பழயபடி நாலு ரூவா வந்தாலே பெரிய விசயம். அப்ப இது மூணு இல்ல, பதினஞ்சு. நாலும் வராம ரெண்டே வந்தா முப்பது." பிறகு ஒன்று கேட்டாள். "மூணு வருசத்துல போட்டது திரும்பிடும்னா, தொர எதுக்கு மாமா விக்கிறாரு?"

அந்தக் கேள்வியை ஊரில் வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு பங்குகூட விற்றிருக்காது. எண் சின்னதாக இருந்தால் மலிவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். விவரம் தெரிந்தவன் ஏன் இவ்வளவு சின்ன எண்ணுக்கு விடுகிறான் என்று யோசிப்பதில்லை. அறுபது என்று இருந்த புயல் வருடம்தான் வாங்க வேண்டிய வருடம். மூன்று என்று இருந்த வருடம் விற்றுவிட்டு ஓட வேண்டிய வருடம். இது தலைகீழாகத் தெரியும். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நேராகிவிடும். அவள் வைத்துப் பார்த்தாள்.

நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அவள் கேட்கவில்லை. "வெள்ளிக்கெழம பத்திரம் எழுதற நொத்தேர் ஊட்ல எல்லாரும் கையெழுத்துப் போடறாங்க இல்ல? நானும் வரேன். எல்லாரு எதுருலயும் அஞ்சு வருசத்தயும் சொல்றேன். அப்பறம் அவங்க இஷ்டம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

எனக்குப் பயமாக இருந்தது. மறைக்கவில்லை. அவள் வந்து சொன்னால் கருவடிக்குப்பத்தில் எனக்கு முகம் இருக்காது, துரையிடம் வேலை இருக்காது. அந்தப் பயத்தோடு கொஞ்சம் கர்வமும் இருந்தது. நான் கற்றுக் கொடுத்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள் என்று. இரண்டும் ஒரே நேரத்தில் மனிதனுக்கு வரும் ஐயா. நீங்கள் சிரிக்கலாம்.

மறுநாள் காலை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் பெயர் வேண்டாம், நல்ல மனிதர். என் மனைவி எதைப் பார்த்தாலும் வகுக்கிறாள் என்றேன். அதுவும் உண்மைதான். அவர் வீட்டுக்கு வந்தார். குஞ்சம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார். குஞ்சம்மாள் சூதுவாது தெரியாதவள். "ஆமாங்க, எந் தென்னமரத்துக்கிட்ட நின்னுகிட்டு, இது எத்தினி வருசம் அக்கான்னு கேப்பா. எம் மிசினப் பாத்து ரெண்டும்பா. நானும் அது இன்னாமோ சாமி வாக்கு சொல்றான்னு இருந்துட்டேன்" என்றாள். குழந்தை இல்லாததையும் அவளே சேர்த்துச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

டாக்டர் அன்னக்கிளியிடம் மரியாதையாகத்தான் கேட்டார். எதைப் பார்த்தாலும் ஒரு எண் தோன்றுகிறதாமே, அப்படியா என்றார். அவளுக்கு மறைக்கத் தெரியாது. அதோடு, படித்த மனிதர் ஒருவர் கேட்கிறாரே, இவராவது புரிந்துகொள்வார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"ஆமாங்க அய்யா. எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்குது. நீங்க ஒக்காந்திருக்கிற நாக்காலிய வாடகைக்கு வுட்டா அதுக்கும் இருக்குது. இவரு எல்லாருகிட்டயும் மூணுன்னு சொல்றாரு. நெசத்துல அது பதினஞ்சு. நாளன்னைக்குள்ள நான் போயி சொல்லலன்னா எல்லாரும் பூடுவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது இருந்த பிரெஞ்சுச் சட்டத்தில் கணவன் எழுதிக் கேட்டு, ஒரு டாக்டர் சான்று கொடுத்தால் போதும், மனைவியை மனநோய் விடுதியில் சேர்த்துவிடலாம். இருந்தாலும் நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்று மாமனாரையும் வரவழைத்தேன். அவர் வந்ததும் அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பா, மூணு கறவை பாக்காத மாட்ட வாங்கிடாதப்பா. அது மூணு இல்லப்பா, பதினஞ்சு. புயல் வருசத்துல அறுவதுப்பா" என்று ஒரே மூச்சில் சொன்னாள். மாமனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகுக் கம்பெனியைக் கேட்டால் மாடு என்கிறாள், புயல் என்கிறாள், அறுபது என்கிறாள். அதிலும், துண்டுக்குள் நான் பிடித்த எண்ணை இவள் எல்லார் முன்னாலும் கத்துகிறாளே என்று அவர் முகம் சுருங்கிப்போனது. அவளுடைய கையை மெதுவாக விலக்கினார்.

"எத்தினி நாளா இப்பிடி மாப்ள?" என்று என்னிடம் கேட்டார்.

"கொஞ்ச நாளா மாமா."

"பொட்டப் புள்ளைக்கு இம்மாம் கணக்கு ஏத்தி வுட்டிருக்கக் கூடாது நீங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்.  வண்டியில் ஏறும்போது அன்னக்கிளி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கணக்கில் எங்கோ தப்பிவிட்டதே என்று தேடுகிறவள் பார்க்கிற பார்வை அது.

வெள்ளிக்கிழமை நொத்தேர் வீட்டில் கையெழுத்துகள் ஒழுங்காக நடந்தன. எல்லாரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். பாவாடைகூட, இப்போது புகார் கொடுத்திருக்கிறானே, அவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஐம்பத்தைந்தில் லாபம் மூன்று ரூபாய். ஐம்பத்தாறில் ஒரு ரூபாய். மாமனார் ஒருநாள் வந்து இப்போது அந்த எண் என்ன என்று கேட்டார். அறுபது மாமா என்றேன். "மூணு இருந்தது அறுவதாயிடுச்சா? ஏறியிருக்குதே மாப்ள" என்று வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். நான் திருத்தவில்லை. அந்த மனிதருக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். ஐம்பத்தேழில் நஷ்டம். நஷ்டத்தால் எதையும் வகுக்க முடியாது. சலங்குகள் மணலில் கிடந்து தையல் விட்டுப்போயின. மாமனார் இப்போது தன் காணி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறார். பெண்ணின் புத்தி கலங்கியபோதே சாமி எச்சரித்தது, தான்தான் கேட்கவில்லை என்பது அவர் எண்ணம். மாதம் ஒரு தடவை வந்து, "எம் பொண்ண கைவுடாம பாத்துக்கிறீங்களே மாப்ள" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே ஐயா. நான் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் சொல்லவில்லையே. மூன்று என்றேன். மூன்றுதான். அறுபதை இருபதால் வகுத்தால் நான்கு வருமா? அன்னக்கிளியை ஊருக்கு வெளியே நல்ல விடுதியில் வைத்திருக்கிறேன். தனிக் கட்டில். மாதாமாதம் பணம் நான்தான் கட்டுகிறேன். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள், செய்துகொள்ளவில்லை. முதல் ஞாயிறு தவறாமல் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போகிறேன். இந்த ஊரில் எத்தனை புருஷன் செய்வான்?

வேம்புவைப் பற்றியும் கேட்டீர்கள். வேம்பு எங்கள் கம்பெனி வாசலில் நின்ற ஆள். தினமும் அன்னக்கிளி கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை வாங்கி எனக்கு எடுத்து வருவான். பத்திரத்தில் பெயர் அவனுடையது, பணம் என்னுடையது. துரை முன்கூட்டியே கொடுத்த தரகுப் பணம். அவன் சம்பளத்தில் இத்தனை காணி வாங்க முடியுமா என்று கருவடிக்குப்பத்தில் ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை. நகரம் வடக்கே வளர்ந்துகொண்டு போகிறது. அந்த நிலத்தை மனை போட்டு விற்கிறேன். இன்றைய விலையை அன்றைய விளைச்சலால் வகுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் விடுதிக்குப் போனபோது அங்கிருக்கும் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். அவள் எண்களைப் பற்றிப் பேசி வருடக் கணக்காகிறது என்றார். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தோட்டத்தில் வேலை செய்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். குணமாகிவிட்டது, அழைத்துப் போகலாம், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது. முற்றத்தில் ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் நரை வந்துவிட்டது. வாங்கிப் போன பழத்தை உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். அப்பா வந்தாரா என்று கேட்டேன். வந்தார் என்றாள். என்ன பேசினார் என்றேன். "காணிய வித்த கதயச் சொன்னாரு" என்றாள். "வாங்கினவன் பேரு வேம்புவாமே."

அவ்வளவுதான் வாயால் சொன்னது. பிறகு என் தோளில் கிடந்த துண்டை மெதுவாக இழுத்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, துண்டால் மூடினாள். நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மனைவி கணவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். துண்டுக்குள் அன்னக்கிளி என் விரல்களைத் தடவிப் பார்த்து, நான்கை மட்டும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். நான்கு வருட விளைச்சல். வாங்கியவன் கையைத்தான் ஐயா அப்படிப் பிடிப்பார்கள்.

நான் டாக்டர் அறைக்குத் திரும்பிப் போனேன். இன்னும் குணமாகவில்லை, இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், ஆனால் கணவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். இதையும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். எதைப் பார்த்தாலும் வகுப்பதுதான் அவளுடைய நோய் என்று எட்டு வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டர் சான்று கொடுத்திருக்கிறார். அவள் இன்னும் வகுக்கிறாள். விடையும் சரியாகத்தான் வருகிறது.